சைலன்சரைத் திரும்ப மாட்டும்போது: பழைய ரிங்கா, புது ரிங்கா, கம்மா?

கிளச் பிளேட் மாற்ற, ஓட்டை விழுந்த பென்ட் பைப்பை (எஞ்சினிலிருந்து சைலன்சருக்கு வளைந்து வரும் குழாய்) வெல்டிங் பிடிக்க, உடைந்த ஸ்டட்டை (நட்டு ஏறும் மரைத் தண்டு) எடுக்க என்று எதற்காக மோட்டார் சைக்கிளின் சைலன்சரைக் கழற்றினாலும், திரும்ப மாட்டும் நேரத்தில் கை ஒரு கணம் நிற்கும். எஞ்சின் ஹெட்டின் வாயில் கறுத்து நசுங்கிக் கிடக்கும் வளையத்தை அப்படியே விடலாமா? புதியது வாங்குவதென்றால் கம்பனி ரிங்கா, மலிவான லோக்கல் ரிங்கா? கொஞ்சம் சிவப்புக் கம் (சிலிக்கன் பசை) பூசினால் வேலை முடிந்துவிடாதா?

இலங்கையின் மலையகத்தில் இந்தக் கேள்விக்கு இன்னொரு பக்கமும் உண்டு. பொகவந்தலாவைக்கு மேலே ஒரு தோட்ட டிவிசனில் வண்டியைப் பிரித்துப் போட்டுவிட்டு, ரிங்குக்காக ஹட்டனுக்கு பஸ் ஏறினால் அன்றைய நாள் போய்விடும். கடை பூட்டிய ஞாயிறோ போயாவோ என்றால் மறுநாளும் சேர்ந்து போகும். அப்படி மாட்டிக்கொண்டவர்தான் பழைய ரிங்கைத் துடைத்துப் போட்டுவிட்டு "இப்போதைக்கு ஓடட்டும்" என்கிறார். ஆகவே எந்த ரிங் என்பதை நட்டில் ஸ்பனர் வைக்கும் முன்பே முடிவு செய்ய வேண்டும். கழற்றிய பிறகு நாம் செய்வது முடிவல்ல, கிடைத்ததைக் கொண்டு சமாளிப்பது.

பெயரில் ஒரு சிறு குழப்பம்: கேஸ்கட், பேக்கிங், சைலன்சர் ரிங் என்று கடைக்குக் கடை சொல் மாறும். ஹெட்டுக்கும் பென்ட் பைப்புக்கும் நடுவில் உட்காரும் வளையத்தை இங்கே ரிங் என்றே சொல்கிறோம். பென்ட்டும் சைலன்சரும் இரண்டு துண்டாக வரும் வண்டிகளில் அவை சேரும் இடத்தில் இன்னொரு பேக்கிங் இருக்கும். அது தனிக் கதை, பின்னால் வருகிறது.

## எதை வைத்து முடிவு செய்வது?

நசுங்க இடம் இருக்கிறதா. ரிங் வேலை செய்வது நசுங்குவதால்தான். நட்டை இறுக்கும்போது அது ஹெட்டின் அலுமினியத்துக்கும் பைப்பின் விளிம்புக்கும் நடுவே தட்டையாகி, இரண்டு பக்கத்து மேடு பள்ளங்களையும் நிரப்புகிறது. உதாரணமாக 5 மில்லிமீற்றர் தடிப்பான ரிங் கழற்றும்போது 4 மில்லிமீற்றராக இருந்தால், அந்த ஒரு மில்லிமீற்றர்தான் அது கொடுத்த சேவை. அதே ரிங்கைத் திரும்பப் போடும்போது பைப் பழைய கோணத்திலேயே வந்து உட்காராது. பழைய பள்ளத்தில் புதிய மேடு விழும். இனி நசுங்கக் கொஞ்சம்தான் மிச்சம்.

இறக்கத்தில் என்ன நடக்கும். நுவரெலியா 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து றம்பொடை வழியாகக் கம்பளைக்கு இறங்கும்போது திராட்டிலை விட்டு கியரிலேயே வண்டியைப் பிடித்து வருகிறோம். எக்ஸோஸ்ட் (புகை போகும்) பைப்பில் அழுத்தம் ஒரே சீராக இருப்பதில்லை. ஒவ்வொரு வெடிப்புக்குப் பின்னும் ஒரு கணம் உள்ளிழுப்பு உண்டு. ரிங்கில் கசிவு இருந்தால் அந்தக் கணத்தில் வெளிக்காற்று உள்ளே போகும். எரியாமல் வந்த பெட்ரோல் ஆவி அந்தக் காற்றோடு சேர்ந்து சூடான பைப்புக்குள் பற்றுவதுதான் இறக்கத்தில் கேட்கும் "பட் பட்". உயரத்தில் காற்று ஐதாக இருப்பதால் கார்புரேட்டர் வண்டிகளில் பெட்ரோலின் பங்கு கூடிப்போகும், ஆகவே சத்தமும் கூடும். சமதரையில் ஓடுபவர் மாதக்கணக்கில் கவனிக்காத கசிவை இங்கே முதல் இறக்கமே காட்டிக்கொடுத்துவிடும்.

ஆனால் எல்லாப் "பட் பட்"டுக்கும் ரிங் காரணமல்ல. ஸ்லோ ஜெட் (கார்புரேட்டரின் சிறு பெட்ரோல் துளை) அடைப்பு, கார்புரேட்டர் ரப்பரில் வெடிப்பு, எக்ஸோஸ்ட்டுக்குக் காற்றுச் செலுத்தும் வால்வு உள்ள வண்டிகளில் அந்த வால்வின் கோளாறு ஆகியவையும் இதே சத்தம் போடும். ரிங் கசிந்தால் கூடவே ஹெட்டைச் சுற்றிக் கரி படிந்திருக்கும். காலையில் குளிர் எஞ்சினை ஸ்டார்ட் செய்ததும் "டிக் டிக்" என்று கேட்டு, சூடாகி உலோகம் விரிந்ததும் குறையும்.

ஸ்டட் எத்தனை தடவை தாங்கும். இதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை, செலவு வருவதோ இதில்தான். மழையும் பனியும் மாறி மாறி விழும் ஊரில், கொதிக்கும் பைப்பில் தண்ணீர் பட்டுப் பட்டு ஸ்டட்டும் நட்டும் துருவால் ஒட்டிப்போகும். வாகன இறக்குமதி 2020 இல் நிறுத்தப்பட்டு 2025 இல்தான் மீண்டும் திறந்தது. அதனால் இன்று கையில் இருக்கும் பல வண்டிகளுக்கு வயது அதிகம், அவற்றின் ஸ்டட்டுக்கும் அதே வயது. சரியாக மூடாத ரிங்குக்காக இரண்டாம் தடவை கழற்றுவது அந்த ஸ்டட்டை இரண்டாம் தடவை சோதிப்பதுதான். 6 மில்லிமீற்றர் ஸ்டட் ஒன்று ஹெட்டோடு முறிந்தால், மிச்சத் துண்டின் மேல் நட்டை வெல்டிங் பிடித்துத் திருகி எடுக்க வேண்டும். அதற்கும் மசியாவிட்டால் துளைத்துப் புது மரை போட வேண்டும். அந்தக் கூலிக்கு முன் ரிங்கின் விலை ஒன்றுமே இல்லை.

இன்ஜெக்ஷன் வண்டியா. பென்ட் பைப்பில் ஆக்சிஜன் சென்சர் உள்ள வண்டியில், சென்சருக்கு முன்னால் வெளிக்காற்று புகுந்தால் பெட்ரோல் போதவில்லை என்று சென்சர் பொய் சொல்லும். கம்ப்யூட்டர் அதை நம்பிப் பெட்ரோலைக் கூட்டும். வண்டி குடிக்கத் தொடங்கும், காரணம் தெரியாமல் பிளக்கையும் பில்டரையும் மாற்றிக்கொண்டிருப்போம்.

புகைப் பரிசோதனை. வாகன வருமான அனுமதிப்பத்திரம் புதுப்பிக்க ஒவ்வோர் ஆண்டும் புகைச் சான்றிதழ் எடுக்கிறோம். கசியும் பைப்பில் வெளிக்காற்று கலந்துவிடுவதால் கருவி காட்டும் அளவு எஞ்சினின் உண்மை நிலையாக இராது. அந்தத் திகதி நெருங்கியிருந்தால் பழைய ரிங்கோடு சூதாட வேண்டாம்.

## பழைய ரிங்கையே விடுவது

இது எப்போதும் தவறு என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. பின்வரும் நான்கும் ஒன்றாகப் பொருந்தினால் விடலாம்:

- ரிங் அண்மையில் போட்டது, சில நூறு கிலோமீற்றருக்குள்தான் ஓடியிருக்கிறது.
- பைப்பை இழுத்தபோது ரிங் அசையாமல் ஹெட்டிலேயே இருந்தது.
- ரிங்கின் முகத்தில் குறுக்கே ஓடும் கரிக்கோடு இல்லை. அப்படி ஒரு கோடு இருந்தால் அது வாயு போன வழி.
- பைப்பைக் கையால் வைத்துப் பார்க்கும்போது பிளான்ஜுக்கும் (பைப்பின் நுனியில் நட்டுகள் பிடிக்கும் தகடு) ஹெட்டுக்கும் இடையே இன்னும் இடைவெளி தெரிகிறது.

நான்காவதுதான் தலையாயது. நட்டு முழுவதும் இறுகிய பிறகும் பிளான்ஜ் ஹெட்டைத் தொடக்கூடாது. தொட்டுவிட்டால் நட்டின் பிடி முழுவதும் உலோகத்தில் போய் நிற்கும், ரிங் சும்மா உட்கார்ந்திருக்கும். எத்தனை இறுக்கினாலும் கசிவு நிற்காது, ஸ்டட்தான் நீளும்.

பழையதை விடுவதாக இருந்தால் கழற்றும் முன்பே பைப்பிலும் ஹெட்டிலும் நேருக்கு நேர் சோக்கால் ஒரு கோடு போட்டு வையுங்கள். திரும்ப அதே கோட்டில் உட்கார வைக்க உதவும்.

## பழைய ரிங்கும் கம்மும்

கடைகளில் இரண்டு வகைக் கம் இருக்கிறது, இரண்டையும் ஒன்றென்று நினைப்பதால்தான் வேலை கெடுகிறது.

சிவப்பு சிலிக்கன் கம் எஞ்சின் மூடிகளுக்கு ஆனது. டியூப்பில் எழுதியிருக்கும் வெப்ப எல்லை ஏறத்தாழ 300 பாகை செல்சியஸ். ஏற்றத்தில் இரண்டாம் கியரில் ஆள் ஏற்றி ஏறும் வண்டியின் எக்ஸோஸ்ட் வாயில் வரும் வாயு அதைவிட எவ்வளவோ சூடு. முதல் நாள் மூடும், ஒரு வாரத்தில் தூளாகும். ஆக்சிஜன் சென்சர் உள்ள வண்டியில் சிலிக்கன் ஆவி சென்சரையே கெடுக்கும். ஹெட் வாயில் இதற்கு இடமே இல்லை.

சாம்பல் நிறத்தில் மண் போல் இருக்கும் எக்ஸோஸ்ட் பேஸ்ட் சூட்டில் இறுகிக் கல்லாகும். பென்ட் பைப் சைலன்சருக்குள் நுழையும் மூட்டில் அது நன்றாக வேலை செய்யும். ஹெட்டில் என்றால் அதிர்வில் வெடித்து உதிரும், அடுத்த தடவை கழற்றும்போது உளியால் சுரண்ட வேண்டி வரும். உளி அலுமினியத்தில் கோடு போட்டால் அதன் பிறகு புது ரிங்கும் சரியாக மூடாது. ஏற்கெனவே ஹெட்டின் முகம் அரிபட்டுப் போன வண்டியில், புது ரிங்கோடு சேர்த்து மிக மெல்லிதாகப் பூசுவதை மட்டும் ஏற்றுக்கொள்ளலாம்.

## செம்பு ரிங்கைக் காய்ச்சிப் போடுவது

திடமான செம்பு வளையத்துக்கு மட்டுமே இது செல்லும். உள்ளே நார் அடைத்து மேலே மெல்லிய தகடு சுற்றிய ரிங்தான் நம் வண்டிகளில் பெரும்பாலும் வரும். அதைக் காய்ச்சிப் பயனில்லை. அடையாளம் காண்பது எளிது: உள் விளிம்பில் தகடு மடிந்த கோடு தெரிந்தால், அல்லது காந்தம் ஒட்டினால், அது திடச் செம்பல்ல.

செம்பு அழுத்தம் பட்டால் கெட்டியாகும், கெட்டியான செம்பு மறுபடி நசுங்காது. கரியை மண்ணெண்ணெயால் கழுவித் துடைத்து, கம்பியில் தொங்கவிட்டு, காஸ் அடுப்பிலோ புளோ லேம்ப்பிலோ மங்கலான சிவப்பு வரும்வரை எல்லாப் பக்கமும் ஒரே அளவாகச் சூடாக்குங்கள். இருட்டான மூலையில் செய்தால்தான் அந்தச் சிவப்புத் தெரியும். பிறகு தண்ணீரில் போடலாம், தானாக ஆறவும் விடலாம். இரும்பைப் போலச் செம்பு தண்ணீரில் கெட்டியாவதில்லை, இரண்டு வழியிலும் மெதுவாகத்தான் ஆகும். தண்ணீரில் போட்டால் மேலே படிந்த கறுப்பு உதிரும், அவ்வளவுதான் இலாபம். ஆறியபின் விரலால் லேசாக வளையக் கூடியதாக இருக்க வேண்டும்.

தடிப்பு இருக்கும்வரை இதைப் பல தடவை செய்யலாம். பழைய ஜப்பான் வண்டி வைத்திருந்து, ரிங் கிடைக்காமல் அலைபவருக்கு உண்மையில் நல்ல வழி இதுதான்.

## கைச்செய்கை ரிங்

தடித்த மின்கம்பியின் செம்பை வளைத்து முறுக்கிப் போடுவது, சோடா டின்னை வெட்டி மடிப்பது, பழைய பேக்கிங் தாளைச் சுற்றி வெட்டுவது என்று இந்த வகையில் கற்பனைக்குக் குறைவில்லை. வழியில் நின்ற வண்டியை வீடு சேர்க்க இதில் செம்புக் கம்பி ஒன்றே உருப்படியானது. அதிலும் இரண்டு முனையும் ஒன்றை ஒன்று தாண்டி வர வேண்டும், முனை பைப்பின் வாய்க்குள் நீட்டக்கூடாது. சோடா டின் அலுமினியம், 660 பாகையில் உருகிவிடும் உலோகம். அந்தச் சூட்டை நெருங்கும்போதே வலு போய்க் கிழியும்.

பழைய பேக்கிங் தாள்களில் அஸ்பெஸ்டஸ் இருந்திருக்கலாம். பழைய ரிங்கின் உள்நாரும் அப்படியே. உலர்ந்த நிலையில் சுரண்டாதீர்கள், ஊதித் தள்ளாதீர்கள். ஈரத்துணியால் துடைத்து, துணியையும் சேர்த்து உறையில் கட்டி எறியுங்கள். கூரைக்கு அஸ்பெஸ்டஸ் சீட் போட்டுப் பழகிய ஊர் என்பதால் இதைச் சொன்னால் சிரிப்பார்கள். நுரையீரலுக்குப் போவது தூள்தான், சீட் அல்ல.

## புது ரிங்: கம்பனியா, லோக்கலா?

இரண்டுக்கும் இடையில் பெரிய மர்மம் இல்லை. கம்பனி ரிங்கில் அளவு பொருந்தும், தகட்டின் தடிப்பு ஒரே சீராக இருக்கும். லோக்கல் ரிங்கில் நல்லதும் உண்டு, கெட்டதும் உண்டு, பொதியைப் பார்த்துப் பிரிக்க முடியாது. கையில் எடுத்துத்தான் பார்க்க வேண்டும். மடிப்பு வாய் பிளந்திருக்கிறதா, மேசையில் வைத்தால் ஆடுகிறதா, ஒரு பக்கம் தடித்து மறு பக்கம் மெலிந்திருக்கிறதா என்று பாருங்கள். வெளி விட்டம் ஒரு மில்லிமீற்றர் குறைந்தாலும் ஹெட்டின் குழிக்குள் ஒரு பக்கம் ஒதுங்கி உட்கார்ந்து, மறுபக்கம் வாயுவுக்கு வழி விடும்.

பழைய ரிங்கை மட்டும் கொண்டுபோய் "இதே அளவு" என்று கேட்பது பலர் செய்யும் பிழை. நசுங்கியதன் தடிப்பு உண்மையான தடிப்பல்ல, கடைக்காரரும் அதே மெல்லிசில் ஒன்றைத் தேடித் தருவார். வண்டியின் மொடலையும் ஆண்டையும் சொல்லுங்கள். முடிந்தால் ஹெட்டின் குழியை வேர்னியரால் அளந்துகொண்டு போங்கள்.

டவுனுக்குப் போகும்போதே இரண்டு ரிங் வாங்கி, ஒன்றை டூல் பெட்டியில் போட்டுவிடுவது நல்லது. மஸ்கெலியாவிலோ பசறையிலோ உள்ளே தள்ளி இருப்பவருக்கு இரண்டாவது ரிங்கின் விலை ஒரு பஸ் பயணத்தை மிச்சப்படுத்தும்.

| வழி | எவ்வளவு நம்பலாம் | மறைந்திருக்கும் செலவு | எப்போது சரி |
|---|---|---|---|
| பழைய ரிங் அப்படியே | குறைவு | மறுபடி கழற்றுதல், ஸ்டட் | சில நூறு கிலோமீற்றர் ஓடிய, அசையாத ரிங் |
| பழையது, சிவப்புக் கம் | மிகக் குறைவு | சென்சர் | ஒருபோதும் இல்லை |
| பழையது, பேஸ்ட் | சில வாரம் | சுரண்டும்போது ஹெட்டில் கீறல் | பென்ட்டும் சைலன்சரும் சேரும் பின் மூட்டில் மட்டும் |
| காய்ச்சிய திடச் செம்பு | நன்று | அரை மணி நேரம் | ரிங் கிடைக்காத பழைய வண்டி |
| கம்பி வளையம் | வீடு சேரும்வரை | மறுநாள் வேலை | வழியில் நின்றால் |
| லோக்கல் புது ரிங் | பார்த்து எடுத்தால் நன்று | அளவு பிழைத்தால் இரட்டை வேலை | அடிக்கடி கழற்றும் கார்புரேட்டர் வண்டி |
| கம்பனி ரிங் | மிக நன்று | கடை தூரம் | இன்ஜெக்ஷன் வண்டி, பழைய ஸ்டட், புகைப் பரிசோதனைக்கு முன் |

## பின் மூட்டின் பேக்கிங்

பென்ட்டும் சைலன்சரும் தனித்தனியாக உள்ள வண்டியில், அவசியமில்லாமல் அந்த மூட்டைப் பிரிக்காதீர்கள். இரண்டையும் ஒன்றாகவே இறக்கலாம். உள்ளே இருக்கும் கிராபைட் புஷ் ஒரு தடவை இழுபட்டால் பெரும்பாலும் உடைந்துவிடும். பிரித்துத்தான் ஆகவேண்டும் என்றால் புது புஷ் கையில் இருக்கட்டும். அது கிடைக்காவிட்டால் இங்கேதான் எக்ஸோஸ்ட் பேஸ்ட் கைகொடுக்கும்.

## மாட்டும்போது கெடும் இடங்கள்

நல்ல ரிங் வாங்கியும் கசிகிறது என்று வருபவர்களில் பலருக்குக் காரணம் ஒன்றே: பழைய ரிங் உள்ளேயே இருக்கிறது. கரி படிந்து அது ஹெட்டின் ஒரு பகுதி போலவே தெரியும். டோர்ச் அடித்துப் பார்த்து, ஊசிமுனையால் சுற்றிக் கிளறினால் செம்பு நிறமோ நாரோ தெரியும். எடுக்க வராவிட்டால் ரிங்கின் உடலில் ஒரு சிறு திருகாணியை ஏற்றி, அதைக் குறட்டால் பிடித்து இழுங்கள். குழியின் அலுமினிய முகத்தை ஸ்க்ரூடிரைவரால் நெம்ப வேண்டாம்.

நட்டுகளுக்கு முதல் நாள் இரவே துரு எண்ணெய் அடித்து விடுங்கள். திருகும்போது இறுகினால் பலம் போடாமல் கொஞ்சம் முன்னும் பின்னுமாக ஆட்டி எடுங்கள். ஸ்டட்டைக் கம்பி பிரஷ்ஷால் துடைத்துக் காப்பர் கிரீஸ் தடவுங்கள். சாதாரணக் கிரீஸ் எரிந்து கரியாகிவிடும். துரு தின்ற நட்டைத் திரும்பப் போடாமல் பித்தளை நட்டுப் போட்டால் அடுத்த தடவை சுலபமாகக் கழலும்.

புது ரிங் குழிக்குள் நிற்காமல் விழுந்தால் இரண்டு மூன்று இடத்தில் சொட்டுக் கிரீஸ் வைத்து ஒட்டுங்கள். முதல் ஸ்டார்ட்டில் கொஞ்சம் புகைந்து போய்விடும். பைப்பை ஏற்றி, ஹெட் நட்டுகளையும், சைலன்சரை வண்டியின் உடலோடு பிடிக்கும் பின் மவுண்ட் போல்ட்டையும் கையால் மட்டும் பிடிக்க விடுங்கள். பிறகு ஹெட் நட்டுகளை அரைச் சுற்று, அரைச் சுற்றாக மாறி மாறி இறுக்குங்கள். இரண்டு பக்கத்து இடைவெளியும் ஒரே அளவாகக் குறைந்து வர வேண்டும். பின் மவுண்ட் கடைசியில். அதை முதலில் இறுக்கினால் பைப் கோணலாக நின்று ரிங்கை ஒரு பக்கமாக நசுக்கும், ஓடும்போது பென்ட்டும் வெடிக்கும்.

எவ்வளவு இறுக்குவது என்பதற்கு வண்டியின் கைநூல்தான் முதல் சொல். அது இல்லாவிட்டால் 6 மில்லிமீற்றர் ஸ்டட்டுக்கு 10 நியூட்டன் மீற்றர் அளவும், 8 மில்லிமீற்றருக்கு 20 அளவும் பொதுவாகப் போதும். டோர்க் ரென்ச் இல்லாத இடத்தில் 10 நம்பர் ஸ்பனரின் நுனியைப் பிடிக்காமல் நடுவில் பிடித்து, மணிக்கட்டின் பலத்தில் மட்டும் இறுக்குங்கள். பைப் போட்டு நீட்டிய ஸ்பனர் வேண்டவே வேண்டாம்.

சோதிக்கும்போது வண்டியை வெளியே தள்ளுங்கள். மழை என்று லயத்து வாசலில் கதவைச் சாத்திக்கொண்டு ஓடவிட்டால் கார்பன் மொனொக்சைட் வீட்டுக்குள்தான் போகும். குளிர் எஞ்சினை ஸ்டார்ட் செய்த உடனேயே ரிங்கைச் சுற்றிச் சவர்க்காரத் தண்ணீர் தெளியுங்கள், குமிழி வந்தால் கசிவு. மடித்த ஈரத்துணியால் சைலன்சர் வாயை இரண்டு மூன்று வினாடி பொத்தினால் "ஸ்ஸ்" சத்தம் இடத்தைக் காட்டும். பைப் சூடான பின் தண்ணீரோ கையோ அருகில் போகக்கூடாது.

ஓட்டிய முதல் நாள் மாலை எஞ்சின் முழுக்க ஆறியபின் நட்டுகளை மறுபடி பாருங்கள். புது ரிங் சூட்டில் இன்னும் கொஞ்சம் தணிந்திருக்கும், நட்டு கால் சுற்று வரை வாங்கக் கூடும். கல் பாதையில் ஓடும் வண்டி என்றால் 200 கிலோமீற்றரில் இன்னொரு தடவை. அதற்குப் பிறகும் ஒவ்வொரு வாரமும் நட்டு தளர்ந்து வந்தால் ரிங்கைக் குறை சொல்லாதீர்கள், பின் மவுண்டின் ரப்பர் புஷ்ஷைக் கழற்றிப் பாருங்கள்.